மதகுக்கு ஒரு கணக்கு, போருக்கு ஒரு கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நிலத்தடி நீர் இறங்கியதற்குத் தொழிற்சாலைகளைக் கைகாட்டுவது எளிது. கேடு அதற்கு வெகுமுன்பே தொடங்கியது: ஏரித் தண்ணீர் வேறு, கிணற்றுத் தண்ணீர் வேறு என்று சட்டம் பிரித்தபோது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கல்களிலும் ஏரிகளிலும் நிறுத்தி, ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்கு வரத்து என்று அமைத்திருந்தார்கள். பாலாற்று வெள்ளத்தைக் கம்பன் கால்வாய் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கும், அங்கிருந்து செம்பரம்பாக்கத்துக்கும் கொண்டுவந்தது. மதகில் பாய்ந்தது இதில் பாதி வேலைதான். கரைக்கு அடியில் கசிந்த நீர் ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறி, ஏரி வற்றிய கோடையிலும் பயிரைக் காத்தது. இங்கே களிமண்தானே, எவ்வளவு இறங்கிவிடும் என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பெயரால் அறியப்படும் கோண்டுவானா படிவுகளில் களிப்பாறை மிகுதி என்பது உண்மை. ஆனால் இடையிடையே மணற்கல்லும், வேறிடங்களில் சிதைந்த சார்னோகைட் பாறையும், ஆற்றோர வண்டலும் உண்டு. அவற்றின் வழியே நீர் இறங்குகிறது. மெதுவாக இறங்குகிறது என்பதே கவலைக்குக் காரணம்: ஒரு கோடையில் இறைத்ததை ஒரே மழையில் திரும்பப் பெற முடியாது.

சோழர் காலத்து உத்திரமேரூரில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்ததை 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 1858இல் ஆங்கிலேய அரசு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தை நடத்தப் பார்த்தது. சட்டம் தேவைப்பட்டதே வழக்கம் தளர்ந்ததற்குச் சாட்சி. அதைவிட ஆழமாக வெட்டியது சென்னை மாகாணத்துக்கும் பொருந்திய 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். குறிப்பிட்ட ஓட்டமாக இல்லாத நிலத்தடி நீர் முழுவதையும் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு அது உரிமை தந்தது. ஏரி சர்க்காருக்கு, அதிலிருந்தே ஊறிய கிணறு பட்டாதாரருக்கு! பிறகு மின் மோட்டார் வந்தது. விவசாயிகளே மிகுதியாக இறைத்தார்கள் என்ற வாதத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் வயல் இருந்தவரை மதகையும் வரத்துக்காலையும் கேட்க ஆள் இருந்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டிய பிறகு சிப்காட் வளாகங்கள் பெருகின. ஆயக்கட்டு போன இடத்தில் ஏரிக்கு வாரிசு இல்லாமல் போனது. மேலே கான்கிரீட் ஊறலைத் தடுத்தது. கீழே ஆழ்துளைக் கிணறுகள் நீர்மட்டத்தை இறக்க, மிஞ்சிய ஏரிகளின் தண்ணீரும், தொடர்பிருந்த இடங்களில், முன்னைவிட விரைவாக அடிக்குப் போனது.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது; 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது. 2015இன் பெருமழையைக் கான்கிரீட் வரவழைக்கவில்லைதான். ஆனால் வந்த மழையைத் தேக்கிக் கீழே அனுப்பும் இடம் குறைந்துபோயிருந்தது. சரிசெய்யும் முயற்சிகள் இல்லாமலில்லை. கோயம்பேட்டில் 2019இல் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது. இந்தத் தொழிற்பேட்டைகளுக்காகவே அமைத்தது அது. நல்ல ஏற்பாடு, இறைப்பைக் குறைக்கும், ஊறலைக் கூட்டாது. ஊறலுக்காக 2017இல் ஒரகடத்துக்கு அருகிலுள்ள மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டம் மறுபடி தொடங்கியது. இறைப்பைக் கட்டுப்படுத்த 2003இல் இயற்றிய மாநில நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டிருந்தது. ஆக, ஏரியைத் தூர்வாரப் பணம் ஒதுக்கிய அரசிடம், அதன் கரையோரத்தில் போர் போடுபவரைக் கேட்க மாநிலம் முழுவதற்குமான ஒரு சட்டம் அப்போது இல்லை.