வீழ்த்தாத வலிப்பு: ஒரு நோயறிவின் வரலாறு

நோய்க்கு இடப்படும் பெயர் நம் கண்ணைத் திறப்பதும் உண்டு, மறைப்பதும் உண்டு. வலிப்பு நோய்க்கு அரபு மருத்துவ நூல்கள் வழங்கும் பெயர் 'ஸரஉ'. வீழ்த்துதல் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் நாம் வழங்கும் 'வலிப்பு' என்னும் சொல்லோ கைகால்கள் இழுத்துக்கொள்வதைக் குறிக்கிறது. விழாமலும் இழுக்காமலும் சில விநாடிகள் நினைவு மட்டும் அற்றுப்போகும் குழந்தையின் நோய் இவ்விரு பெயர்களுக்குள்ளும் எளிதில் அடங்குவதில்லை. அதனாலேயே போலும், அது நெடுங்காலம் தனித்து அறியப்படாதிருந்தது.

வலிப்பைத் தெய்வக் குற்றமாகக் கருதாமல் மூளையின் நோயாகக் கொள்ளும் மரபு மிகப் பழமையானது. கி.மு. 400 அளவில் எழுந்ததாகக் கருதப்படும், ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூலிலேயே அக்கருத்தைக் காண்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலியோர் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தபோது அம்மரபு இஸ்லாமிய உலகை வந்தடைந்தது. இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பகுதியில், தலையின் நோய்களோடு சேர்த்து ஸரஉவை ஆராய்ந்தார்.

இதற்கும் முந்தையது புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி. இந்நோய் கண்ட பெண்ணொருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுவதாக முறையிட்டார். பொறுமை கொண்டு சுவனம் பெறுவதா, குணமடைய துஆச் செய்வதா என்னும் தேர்வு அவர் கையிலேயே அளிக்கப்பட்டது. பொறுமையைத் தேர்ந்த அவர், ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுமாறு வேண்டினார், அவ்வாறே செய்யப்பட்டது. நோயாளியைப் பழிக்கும் சொல் ஒன்றேனும் அங்கு இல்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

வீழ்த்தாத வலிப்பின் தெளிவான வருணனை பிரான்சில் 1705இல் கிடைக்கிறது. பூப்பார் என்பவர் கண்ட நோயாளி, கண்கள் திறந்தபடி அசைவற்றிருப்பார். பேச்சின் நடுவே அந்நிலை வந்து நீங்கினால், விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்வார். இடையில் நிகழ்ந்தது எதையும் அறியார். 1770இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் திஸ்ஸோ, பெரிய தாக்குதல்களிலிருந்து சிறியவற்றை வேறுபடுத்தினார். 1824இல் கால்மேய் இதற்கு 'அப்சான்ஸ்' என்று பெயரிட்டார். 'இல்லாமை' என்பது அதன் பொருள். குழந்தை எதிரில் இருக்கிறது. ஆயினும் அங்கு இல்லை!

கண்ணால் கண்டதைக் கருவி உறுதிப்படுத்த மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். 1935இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் ஆகியோர், இந்நோயின்போது விநாடிக்கு மூன்று என்னும் ஒழுங்கில் கூரலைகள் எழுவதைக் காட்டினர். மூளையின் நடுவிலுள்ள தலாமஸும் மேற்புறணியும் ஒன்றையொன்று இயக்கும் சுழற்சி பிறழ்வதே இதன் அடிப்படை என்பது பின்னர் தெளிந்தது. 1958இல் எதோசக்ஸிமைடு மருந்து புழக்கத்திற்கு வந்தது. அமெரிக்காவில் 453 குழந்தைகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், லாமோட்ரிஜினைவிட எதோசக்ஸிமைடும் வால்ப்ரோயேட்டும் மிகுந்த பயன் தந்தன. அவ்விரண்டில் கவனத்தைக் குறைவாகப் பாதித்தது எதோசக்ஸிமைடே.

இவ்வரலாறு நம் வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் உரியது. பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயதுக்குள் தொடங்கும் இந்நோய் ஒரு நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி அளவில் வரக்கூடும். பாடம் பாதியில் அறுந்துபோகும் பிள்ளையைக் கவனமற்றவன், பகற்கனவு காண்பவன் என்று நாம் தண்டித்துவிடுகிறோம். கனவில் ஆழ்ந்த பிள்ளை தொட்டு அழைத்தால் திரும்பும், இப்பிள்ளை திரும்பாது, இமைகள் துடிக்கலாம், உதடுகள் அசையலாம். ஐயம் எழுந்தால் அதைக் கைபேசியில் பதிந்து மருத்துவரிடம் காட்டுவது நன்று. அவர் சில நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தும், மின்னலைப் பதிவு எடுத்தும் உறுதி செய்வார்.

மருந்தை நாமாகத் தேர்வதும் திடீரென நிறுத்துவதும் தகாது. வேறு வகை வலிப்புக்கு உதவும் கார்பமஸெபைன் இதனை மிகுவிக்கக்கூடும். வால்ப்ரோயேட் கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு தருவதாதலால் பெண்பிள்ளைகளுக்கு அதை அளிப்பதில் தனிக் கவனம் வேண்டும். நீச்சல், குளியல், சாலையில் மிதிவண்டி ஓட்டுதல் ஆகியவற்றில் பிள்ளைக்குத் துணை தேவை. பலருக்கு வளரிளம் பருவத்தில் நோய் நீங்கிவிடுகிறது. சிலருக்குக் கற்றலில் இடர் தொடர்வதால் பள்ளியின் பரிவும் வேண்டும்.

விழுபவரைத் தாங்கப் பலர் ஓடிவருவர். விழாத பிள்ளையை முதலில் கண்டுகொள்ள வேண்டும்; அது பெற்றோரும் ஆசிரியருமாகிய நம் கடமையாகும்.