வானலைப் பங்கீடும் வறியோர் வீட்டுத் தொலைக்காட்சியும்

நிலத்தில் எல்லைத் தகராறு மூண்டால் சாட்சி சொல்ல எல்லைக்கல்லேனும் இருக்கும். வானலைக்கு அதுவும் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத இப்பொதுச் சொத்தை யாருக்கு எவ்வளவு அளிப்பது என வரையறுக்கும் பொறுப்பு அரசையே சார்ந்தது. ஒருவருக்கு அளித்ததை மீட்டு மற்றொருவருக்கு வழங்கும்போது நேரும் இழப்பைச் சுமப்பவர் யார்? அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாற்றில் இதற்கு விடை காண்கிறோம்.

அந்நாட்டில் பங்கீட்டைச் செய்வது, 1934-இல் நிறுவப்பெற்ற கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம். அது 1948-இல் முதலாம் எண் அலைவரிசையைத் தொலைக்காட்சியிடமிருந்து எடுத்து, வாகனங்களில் பயன்படும் இருவழி வானொலிக்கு அளித்தது. அன்று முதல் அங்கே அலைவரிசைகளின் எண் இரண்டிலிருந்தே தொடங்குகிறது. 1952-இல் 14 முதல் 83 வரை எழுபது அலைவரிசைகள் புதிதாகச் சேர்ந்தன. எனினும், வீடுகளில் இருந்த பெட்டிகளுள் பெரும்பாலானவை அவற்றை ஏற்க இயலாதவை. தனிக்கருவி வாங்க வசதியுள்ளோரே அவற்றைக் கண்டனர். எல்லா அலைவரிசைகளையும் ஏற்கும் பெட்டிகளையே தயாரிக்க வேண்டும் என்னும் சட்டம் 1962-இல் பிறந்து, 1964-இல் நடைமுறைக்கு வந்தது.

பெருக்கத்தைத் தொடர்ந்து சுருக்கம் வந்தது. 70 முதல் 83 வரையுள்ளவை செல்பேசி முதலிய நகர்நிலைச் சேவைகளுக்குப் போயின. 1983-இல் சிகாகோ நகரில் வணிகமுறைச் செல்பேசிச் சேவை தொடங்கிற்று. அடுத்து, 52 முதல் 69 வரையுள்ளவற்றின் முறை வந்தது. அவற்றுள் ஒரு பகுதி காவல்துறைக்கும் தீயணைப்புப் படைக்கும் ஒதுக்கப்பட்டது. இத்தேவையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஒரு பெரும்பகுதி 2008-இல் ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று.

அவ்விடத்தைக் காலி செய்யவே பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டு, டிஜிட்டல் முறை கட்டாயமாக்கப்பட்டது. பழைய பெட்டிக்கு மாற்றுக்கருவி வாங்க, வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் மதிப்புள்ள சீட்டுகளை அரசு வழங்கியது. 2009 ஜனவரியில் அதற்கான நிதி வரம்பை எட்டவே, விண்ணப்பித்தோர் காத்திருக்க நேர்ந்தது. பிப்ரவரி 17 என்றிருந்த கெடு ஜூன் 12-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பழைய முறையில் அலை வலுவிழந்தால் படம் புள்ளியடித்தாவது தெரியும். புதிய முறையில் ஓர் அளவுக்குக் கீழே போனால் படமே அற்றுப்போகும். மாற்றுக்கருவி வாங்கியும் சில வீடுகளில் பழகிய நிலையங்கள் மறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

2017-இல் முடிந்த ஏலத்தில் 38 முதல் 51 வரை, 84 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள அலைக்கற்றை கைம்மாறிற்று. கிடைத்த தொகை ஏறத்தாழ 1,980 கோடி டாலர். அதில் 175 நிலையங்கள் 1,000 கோடிக்கு மேல் பெற்றன. அரசுக் கருவூலமும் பங்கு பெற்றது. எஞ்சிய நிலையங்களுள் ஏறத்தாழ ஆயிரம், 2020 ஜூலைக்குள் புதிய அலைவரிசைகளுக்கு இடம்பெயர்ந்தன. வானலைவாங்கி வைத்து இலவசமாகப் பார்த்துவந்த நேயருக்கோ, நிலையங்களை மீண்டும் தேடிக்கொள்ளுமாறு அறிவிப்பு வந்தது. ஈடு எதுவும் வரவில்லை.

ஒரு காலத்தில் 82 அலைவரிசைகளைக் கொண்டிருந்த தொலைக்காட்சிக்கு இன்று எஞ்சியவை 35. செல்பேசியால் விளைந்த நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கம்பிவழிச் சேவைக்குக் கட்டணம் செலுத்த இயலாத முதியோரும் வறியோரும் சிற்றூராரும் இப்பொதுச் சொத்தில் பங்குடையோரே. அலையை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கணக்குப் பார்க்கும் அரசு, அவர்களையும் அக்கணக்கில் சேர்ப்பதே நீதி என்போம்.