கங்கைகொண்ட சோழபுரம் எந்த மாவட்டம்?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்கிறேன். கங்கைகொண்ட சோழபுரம் எந்த மாவட்டம்? 1995 வரைக்கும் திருச்சி. அந்த வருஷம் பெரம்பலூர் தனி மாவட்டமானதும் பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் அரியலூர் மாவட்டத்தையே கலைச்சு மறுபடி பெரம்பலூரோட சேர்த்தாங்க. 2007-ல் திரும்பவும் அரியலூர். ராஜேந்திர சோழன் கட்டின கோயில் இருந்த இடத்துலயேதான் இருக்கு. விலாசம்தான் ஓடிக்கிட்டே இருந்தது.

இதை லாஜிக் புரோகிராமிங்கில் எழுதினா ஒரே ஒரு விதி போதும்: ஊர் ஒரு தாலுகாவில் இருந்து, அந்தத் தாலுகா ஒரு மாவட்டத்தில் இருந்தால், ஊரும் அந்த மாவட்டம்தான். 1972-ல் பிரான்ஸின் மார்செய் நகரில் அலன் கோல்மரோவர் குழு உருவாக்கிய புரோலாக் மொழியின் அழகே இதுதான். எப்படிச் செய்யணும்னு சொல்ல வேண்டாம். எது உண்மைன்னு சொன்னா போதும். விதி 1995-லும் சரி, 2007-லும் சரி. மாறுறது உடையார்பாளையம் தாலுகா எந்த மாவட்டம்ங்கிற தகவல் மட்டும். அது இருக்கிறதோ புரோகிராமுக்கு வெளியே, ஏதோ ஒரு டேட்டாபேஸில்.

இந்த இடத்துலதான் சென்னை ஐஐடியில் பி.டெக். முடிச்ச ரெண்டு பேர் வர்றாங்க: ரகு ராமகிருஷ்ணன், எஸ். சுதர்ஷன். பெரம்பலூரோ அரியலூரோ, எங்கே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிச்சிருந்தாலும் இந்தப் பெயர்களை டிபிஎம்எஸ் புத்தக அட்டையில் பார்த்திருப்பீங்க. 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில், திவேஷ் ஸ்ரீவத்சவா, பிரவீன் சேஷாத்ரியோடு சேர்ந்து இவங்க உருவாக்கியது ‘கோரல்’.

கோரலில் எனக்குப் பிடிச்சது, கதவு ரெண்டு பக்கமும் திறக்கும். சி++-ல் எழுதிய ஃபங்ஷனை விதிக்குள்ளே கூப்பிடலாம். சி++ புரோகிராமிலிருந்து விதிகளைக் கேள்வி கேட்கலாம். தகவல் மெமரியில் இருக்கலாம், எக்ஸோடஸ் என்ற சேமிப்பு மென்பொருள் வழியா டிஸ்க்கிலும் இருக்கலாம். விதிக்கு அந்தக் கவலையே இல்லை. இன்னைக்கு எஸ்டபிள்யூஐ-புரோலாக்கில் டேட்டாபேஸோடு பேச ரெடிமேட் லைப்ரரியே இருக்கு.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. வெளிக் கோடு உள்ளே வந்ததும் ‘எது உண்மைன்னு மட்டும் சொல்லு’ங்கிற ஒப்பந்தம் உடையுது. ஃபைலில் எழுதுற ஒரு ஃபங்ஷனை ரெண்டு தடவை ஓட்டினா ஃபைலில் ரெண்டு வரி விழும். லாஜிக்கில் ஒரே உண்மையை ரெண்டு தடவை சொன்னா ஒண்ணும் மாறாது. சுத்தமான லாஜிக் வேணும்ங்கிறவங்களுக்கு இது உறுத்தும், நியாயம்தான்.

இருந்தாலும் என் கட்சி கதவு பக்கம். 2001 தகவலை உள்ளேயே அடைச்சு வச்ச புரோகிராம், 2003-ல் கங்கைகொண்ட சோழபுரத்துக்காரரை மனுவோட அரியலூர் கலெக்டரைப் பார்க்க அனுப்பியிருக்கும். அப்போ அங்கே கலெக்டரே கிடையாது.