டச் போன் வந்த கதை



இந்த மலரில் சேமிப்பு, வங்கிக் கடன், நம் பொருட்களின் விற்பனை பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டபோது நான் போனைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "போனைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று சிரித்தார்கள். நிறைய இருக்கிறது. தாம்பரம் வட்டாரத்தில் குழுக் கணக்கு எழுதிய பெண்கள் 2012 முதல் பட்ட பாட்டில் பாதி, அந்தக் கையளவு கண்ணாடியோடு பட்டதுதான். ஆனால் நம் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால் அதைப் பற்றி நாலு வரிக்கு மேல் கிடையாது.

முதலில் நோட்டுக் காலம். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-98-க்குப் பிறகு 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. நம் பக்கம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். ஒவ்வொரு குழுவிலும் ஊக்குநர், பிரதிநிதிகள். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக். நீல மையில் எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டு, கூட்டம் முடிவதற்குள் தொகையை உரக்கப் படிப்போம். படிக்கத் தெரியாத அக்காவும் தன் கணக்கைக் காதால் கேட்டுச் சரி பார்ப்பாள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போன் வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

நம் உறுப்பினர்களில் பலர் சானடோரியம் மெப்ஸ் கம்பெனிகளிலும் வீட்டு வேலைகளிலும் இருந்தவர்கள். சாயங்காலம் ஏழரை மணிக்கு முன்னால் கூட்டம் கூடாது. தகவல் சொல்ல ஒரு மிஸ்டு கால் போதும். ஒரு ரிங் என்றால் கூட்டம் உண்டு, ரெண்டு ரிங் என்றால் இல்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது சுற்று வட்டாரத்துப் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். பெரும்பாலும் சாதாரண பட்டன் போன்கள்தான் அங்கே செய்தது. 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பட்டன் போன் காலம் முடிந்து டச் போன் காலம் வந்ததும், அந்தப் பிள்ளைகள் வேலை இழந்ததும் ஏறக்குறைய ஒரே நேரம். இதைத் தனியாக ஒரு கட்டுரையாக யாராவது எழுத வேண்டும்.

உலகத்தில் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது 2008-ல். என் கைக்கு வந்தது 2012-ல், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழசாக வாங்கியது. மாத அறிக்கையை இனிமேல் மெயிலில் அனுப்ப வேண்டும், கூட்டத்துக்குப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று மேலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அதற்காகத்தான் வாங்கினேன்.

அந்தக் காலத்து விலை குறைந்த டச் போன்களைப் பற்றி இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆப் போட 200 எம்பி இடம்கூட இருக்காது. மெமரி கார்டு போட்டாலும் ஆப் முழுசாக அதில் போய் உட்காராது. நாலு போட்டோ எடுத்தால் 'இடம் இல்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். எதை அழிப்பது? பேத்தியின் மொட்டை போட்டோவையா, கூட்டத்து போட்டோவையா? காலையில் முழு சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினால், சேலையூர், மாடம்பாக்கம் என்று ரெண்டு கூட்டம் முடிப்பதற்குள் போன் செத்திருக்கும். நெட்டை அணைத்து வைத்தால்தான் மதியம் வரை தாங்கும். அணைத்து வைத்தால் செய்தி வராது. செய்தி வராவிட்டால், "போன் வச்சிருந்தும் பாக்கல" என்ற பேச்சு வரும்.

கண்ணாடியில் விரல் பட்டால்தான் வேலை செய்யும். விரலில் ஈரம் இருந்தால் ஒன்று அமுக்கினால் வேறொன்று திறக்கும். இட்லி மாவு விற்கும் உறுப்பினர் ஒருவர், "என் கையை இதுக்கு அடையாளமே தெரியல" என்பார். வேலை செய்து செய்து தோல் காய்த்துப் போன விரல் அது. புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து அமுக்குவார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை தமிழ்தான். யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்து முறையில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அன்றைய பல போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. யாராவது தமிழில் செய்தி அனுப்பினால் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். சில போன்களில் எழுத்து வரும், ஆனால் ஒழுங்காகச் சேராது. 'கொ' என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும் அல்லவா? அது தெரியாமல் கொம்பைத் தூக்கிப் பின்னால் போட்டுவிடும். 'கொடுத்த தொகை' என்பதைப் படிக்க ஒரு வித்தை வேண்டும். ஓபரா மினி என்ற உலாவியில் உள்ளே ஓர் அமைப்பை மாற்றினால் தமிழ் எழுத்தைப் படமாக ஆக்கிக் காட்டும். அதை யாரோ ஒரு கல்லூரிப் பையன் சொல்லிக் கொடுக்க, அவனைத் தேடி குரோம்பேட்டையிலிருந்தெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஜெராக்ஸ் கடை கதை வேறு. அங்கே தமிழ் டைப் செய்ய பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு. அந்தக் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். காரணம் எளிது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். போர்வை இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது தெரிகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே கைபேசியில் தமிழ் எழுத வழி செய்திருந்தது. எங்களுக்கு அது தெரிய வந்ததே ரொம்பப் பிந்தித்தான்.

அதுவரை தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தோம். கட்டு, காட்டு, கத்து மூன்றுக்கும் ஒரே எழுத்துகள். ஒரு பகுதிப் பிரதிநிதி, 'நாளைக்கு எல்லாரும் தவணை கட்டணும்' என்று அனுப்பினார். நாலு பேர் 'காட்டணும்' என்று படித்துவிட்டு, பணம் கொண்டு வராமல் பாஸ்புக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அன்று சிரித்தோம். அந்த மாதத் தவணை மூன்று நாள் தள்ளிப் போய் வங்கியில் பேச்சு வாங்கியபோது சிரிக்கவில்லை.

வாட்ஸ்அப் வந்தது. குழுவுக்குள் குழு. இதில்தான் ஒரு கசப்பான விஷயம் நடந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். 2014 வாக்கில் ஒரு பகுதியில் யாரோ தவணை பாக்கி உள்ளவர்களின் பட்டியலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அப்போது உறுப்பினர் கையில் சொந்தப் போன் எங்கே இருந்தது? பாதிப் பேருக்குக் கணவன் நம்பர், மகன் நம்பர். ஒரு தங்கை வீட்டுக்குத் தெரியாமல் அம்மா வைத்தியத்துக்குக் கடன் வாங்கியிருந்தாள். பட்டியலை முதலில் பார்த்தது அவள் வீட்டுக்காரர். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை, அதற்கடுத்ததுக்கும் வரவில்லை. மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசியும் திரும்பவில்லை. நோட்டுக் காலத்தில் பாக்கி என்பது பாயில் உட்கார்ந்த பதினைந்து பேருக்குள் இருந்த விஷயம். அதன் பிறகு, பெயரோ தொகையோ எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். நான் முதலில் சொன்ன நாலு வரியில் ரெண்டு வரி இதுதான்.

மற்ற ரெண்டு வரி ரீசார்ஜ் பற்றியது. போனில் அனுப்ப வேண்டும் என்றார்கள், ஆனால் நோட்டில் எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே முதலில் நோட்டு, பிறகு போன். ராத்திரி பத்து மணிக்கு மேல் டவர் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று மொட்டை மாடியில் ஏறி நின்று அனுப்புவோம். புக் கீப்பர் ஒருவர் மாதம் நூறு ரூபாய் வரை நெட்டுக்குத் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கூட்டமைப்பு தர வேண்டும் என்று பொதுக்குழுவில் பேச்சு எழுந்தபோது, பட்டன் போன் வைத்திருந்த அக்காக்கள் விடவில்லை. "எங்க சந்தாவுல உங்க புள்ளைங்க படம் பாக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் போனில் பையன் படம் பார்த்தது உண்மைதான். ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு மாதம் 50 ரூபாய், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வது என்று முடிவானது.

போனால் நல்லதே இல்லையா என்றால், உண்டு. 2015 டிசம்பர் 1 ராத்திரி பெய்த மழை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. டச் போன்கள் எல்லாம் ஒரே நாளில் அணைந்தன. நாலு நாள் சார்ஜ் நின்ற பட்டன் போன்கள், டவர் வந்ததும் பேசின. முடிச்சூர் பக்கத்துக் குழு ஒன்றின் பேரேடுகள் பீரோவின் அடித்தட்டில் ஊறிப் போய், பக்கத்தைப் பிரித்தால் மை வழிந்தது. அந்தக் குழுவின் புக் கீப்பர் பொண்ணு, கூட்டத்தில் டவர் கிடைக்காததால் மாதாமாதம் பேரேட்டுப் பக்கங்களை போட்டோ எடுத்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து அடிக்கிற வழக்கம் வைத்திருந்தாள். போன் போய்விட்டது. உள்ளே இருந்த மெமரி கார்டைத் துடைத்துக் காயவைத்து வேறு போனில் போட்டால், அக்டோபர் வரைக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு இருந்தது! ஒருத்தர் சேமிப்பில் ஒரு ரூபாய் விட்டுப்போகாமல் புதுப் பேரேடு எழுதினோம். எழுதி முடித்ததும், பழைய வழக்கப்படி உரக்கப் படித்தோம்.

பிறகு எல்லாம் வேகம். 2015 மார்ச்சில் நபார்டு 'இ-சக்தி' என்று குழுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் திட்டத்தை ஜார்கண்டின் ராம்கரிலும் மகாராஷ்டிராவின் துலேயிலும் தொடங்கியிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து நெட் மலிந்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. அந்த ஆண்டு முடிவோடு பழைய ஆண்ட்ராய்டு 2.1, 2.2 போன்களில் வாட்ஸ்அப் நின்றது. போன் கெடாமலே போன் பழசாகும் என்பது அப்போது தெரிந்த பாடம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் தன்னார்வலர்களாக குழுப் பெண்கள் போனார்கள். அதே மாதம் மகாராஷ்டிராவில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த போன்களைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். 2 ஜிபி ராம் உள்ள போன், ஆப் ஏறவில்லை, ஆப்பில் இருந்ததோ ஆங்கிலம், ரிப்பேர் செலவு அவர்கள் தலையில். செய்தியைப் படித்துவிட்டு எங்கள் புக் கீப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திருப்பிக் கொடுக்க எங்களுக்கு யாரும் போன் கொடுத்திருக்கவில்லை.

இப்போதும் கூட்டமைப்பு ஆப் வேலைகள் நடப்பது அவரவர் சொந்தப் போனில்தான். 50 ரூபாய் இப்போது 200 ரூபாய் ஆகியிருக்கிறது, கையெழுத்து முறை மாறவில்லை. போன் வாங்கும் செலவுக்கும் ரிப்பேருக்கும் இதுவரை தீர்மானம் கிடையாது. வருகிற பொதுக்குழு அஜெண்டாவில் ஏழாவதாக அதைச் சேர்த்திருக்கிறோம். ஏழாவது வரை உட்கார்ந்திருந்து கை தூக்கிவிட்டுப் போங்கள்.