கொலம்பியாவிலிருந்து விழுந்த ஹார்ட் டிஸ்க்

கல்பனா சாவ்லாவை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். 2003 பிப்ரவரி 1 அன்று, அவர் உள்பட ஏழு பேருடன் தரையிறங்க வந்த கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் மாநிலத்து வானில் சிதறியது. அதிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கும் விழுந்த கதையை அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

செனான் வாயுவைக் கலக்கினால் அதன் பிசுபிசுப்புக் குறைகிறதா என்று விண்வெளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவுகளில் ஒரு பகுதி ரேடியோ வழியாகப் பூமிக்கு வந்துவிட்டது; மீதி அந்த டிஸ்கில் இருந்தது. சுமார் ஆறு மாதம் கழித்து, வற்றிய ஏரிப் படுகையில் அது கிடைத்தது. கருகிப்போன உலோகக் கட்டி. மின்னியாபொலிஸில் உள்ள குரோல் ஆன்ட்ராக் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். மூடியின் அடைப்பு உருகி, உள்ளே தூசி புகுந்து, வட்டுகளில் அங்கங்கே குழி விழுந்திருந்தது. நல்லவேளை, பழைய டாஸ் முறை என்பதால் தகவல்கள் சிதறாமல் ஒரே பகுதியில் இருந்தன. குழி விழுந்தது வேறு பகுதியில். வட்டுகளைக் கழுவி, புதிய பெட்டியில் பொருத்தி, ஏறக்குறைய 99 சதவீதத்தை மீட்டார்கள். ஆய்வின் முடிவு 2008இல் அச்சேறியது. கூடக் கிடைத்த வேறு இரண்டு டிஸ்குகளில் ஒன்றும் தேறவில்லை.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். கம்ப்யூட்டருக்கு அந்த மொழியில் 'ஒர்தினாத்தர்' என்று பெயர். ஐபிஎம் கேட்டதற்காக ஜாக் பெர்ரே என்ற லத்தீன் பேராசிரியர் 1955இல் சொன்ன சொல் அது. அடுத்த வருடமே ஐபிஎம் முதல் ஹார்ட் டிஸ்கை வெளியிட்டது. இரண்டடி அகல வட்டுகள் 50. மொத்தம் கொள்வது 50 லட்சம் எழுத்துகள்!

போன வருடம் எங்கள் பழங்காநத்தம் வீட்டுக் கம்ப்யூட்டர் 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. மறைந்த என் மனைவி பேத்திக்குச் சொன்ன கதைகள், 43 ஒலிப்பதிவுகள், அதற்குள்தான் இருந்தன. பிரிஜ்ஜில் வைத்து எடுங்கள் என்றார் ஒரு நண்பர். வைத்தால் உள்ளே ஈரம் கோக்கும், அவ்வளவுதான். கடைத் தம்பி, "சார், இனிமே ஆன் பண்ணாதீங்க" என்றார். வட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிறதாம். படிக்கும் முனை ஒரு தூசியின் பருமன்கூட இல்லாத உயரத்தில் மிதக்கிறதாம். முனை பழுதானால், ஓட ஓட வட்டையே கீறிவிடும். ஆகவே முதலில் முழு டிஸ்கையும் வேறொன்றில் பிரதி எடுத்தார்; படிக்க மறுத்த இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்ப வந்து முயன்றார். தேடியதெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

ரெக்கார்டு ரூமில் காலம் கழித்த எனக்கு இது புதிதல்ல. பொடியும் காகிதத்தை அடிக்கடி புரட்ட விடமாட்டோம். நகல்தான் மேசைக்கு வரும். செல்லரித்த ஏட்டையும் புது ஓலையில் பெயர்த்து எழுதித்தான் காப்பாற்றினார்கள். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டதாகக் கேட்டு மனம் நொந்ததை உ.வே.சா. தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மூன்று நாளில் 40 கதைகள் கிடைத்தன. இல்லாத மூன்றில் இரண்டைப் பேத்தி நினைவிலிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மூன்றாவது என்ன கதையென்று அவளுக்கும் தெரியவில்லை.