கொல்லைப்புறத்துப் பனித்தளம்

கனடாவின் பிரான்ட்ஃபோர்டில் டெலிபோன் கம்பெனி ஊழியர் வால்டர் கிரெட்ஸ்கி. குளிர்காலம் வந்தால் கொல்லையில் தண்ணீரை உறையவைத்து மகன் வெயினுக்கு ஐஸ் ஹாக்கித் தளம் போட்டுவிடுவார். தகர டப்பாக்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்குவான் பையன். விரும்பித்தான், மணிக்கணக்கில்.

1971-72 பருவத்தில், பத்து வயதில், 378 கோல்! மற்றப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை; உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தி ஏசினார்கள். வளர்ந்த மனுஷங்க, ஒரு பொடியனைப் பார்த்து! 14 வயதில் அவன் டொரன்டோ போய்ச் சேர்ந்தான். அதை முன்னேற்றம் என்பார்கள். தப்பி ஓடியது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

2009-இல் அமெரிக்க ஹாக்கி சங்கம் குழந்தைகளுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. சின்னஞ்சிறுசுகளுக்கு முழுத்தளம் வேண்டாம், குறுக்கே பிரித்து ஆடட்டும். இடம் குறுகினால் எல்லார் மட்டைக்கும் பக் வரும். அதற்கும் முனகினார்கள் சில பெற்றோர்: ‘இதெல்லாம் ஹாக்கியா?’