ஒலி மாற்றிகளின் தர அளவீட்டு வரலாறு

ஹோம் தியேட்டர் ஒலிச் செயலி என்பது, எண்ணிம வடிவில் வரும் திரைப்பட ஒலியைப் பல தடங்களாகப் பிரித்து, மின்னழுத்தமாக மாற்றி, பெருக்கிகளுக்கு அனுப்பும் கருவி ஆகும். எண்களை மின்னழுத்தமாக மாற்றும் பகுதி எண்ணிம-ஒப்புமை மாற்றி, சுருக்கமாக டிஏசி, எனப்படுகிறது. மாற்றத்தின்போது ஒலியில் எவ்வளவு கலப்படம் சேர்கிறது என்பதை அளக்கும் முறைகள், எண்ணிம ஒலிக்கு முந்தைய காலத்திலேயே தோன்றியவை.

தொடக்க கால அளவீடு

திரிபை அளக்க முதலில் தூய்மையான ஒற்றைச் சுரம் தேவை. 1939இல் தொடங்கப்பட்ட ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தின் முதல் தயாரிப்பு இத்தகைய சுரத்தைத் தரும் அலையியற்றியே. அதன் 200பி வகையில் எட்டுக் கருவிகளை வால்ட் டிஸ்னி நிறுவனம் 'ஃபேன்டேசியா' திரைப்படத்தின் ஒலிப் பணிக்காக வாங்கியது. அளக்கும் முறை எளியது. கருவிக்குள் ஒரு தூய சுரம் செலுத்தப்படும். வெளிவரும் அலையிலிருந்து அதே சுரம் வடிகட்டி நீக்கப்படும். எஞ்சி நிற்பவை கருவி தானாகச் சேர்த்த மேற்சுரங்களும் இரைச்சலும் ஆகும்.

எண்கள் பெருகியபோது ஏமாற்றும் பெருகியது. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் பெருக்கிகளின் திறன் 'உச்ச வாட்', 'இசை வாட்' எனப் பல பெயர்களில் மிகைப்படுத்தி விளம்பரப்படுத்தப்பட்டது. இதனால் 1974இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வாட் அளவைக் குறிப்பிடுவோர், எந்தத் மின்தடையில், எந்த அதிர்வெண் எல்லையில், எவ்வளவு திரிபுடன் என்பதையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும் என அது கூறியது. அளந்த சூழலைச் சொல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை என்ற கருத்து இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

எண்ணிம ஒலியின் வருகை

ஒலியை எண்களாக்கும்போது ஏற்படும் தோராயப் பிழையை, 1948இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். பென்னெட் கணித முறையில் ஆராய்ந்தார். இவ்வழியில் வந்த கணக்கின்படி ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் தூய்மையைச் சேர்க்கிறது. 16 பிட் ஒலிக்கு இதன் உச்ச எல்லை 98 டெசிபெல். அதாவது, கலப்படம் ஒலியின் ஏறத்தாழ 80,000இல் ஒரு பங்கு.

1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. துல்லியமான 16 பிட் மாற்றியைச் செய்வது அப்போது கடினமாக இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 14 பிட் மாற்றியையே நான்கு மடங்கு வேகத்தில் இயக்கி, 16 பிட்டுக்கு நிகரான தரத்தைப் பெற்றது. இத்தகைய கருவிகளை அளக்கப் பழைய மானிகள் போதவில்லை. 1984இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஆடியோ பிரிசிஷன் நிறுவனம், கணினியால் இயங்கும் பகுப்பாய்விகளை அறிமுகப்படுத்தியது.

எண்ணிம ஒலியுடன் 'ஜிட்டர்' எனப்படும் புதிய குறையும் வந்தது. எண்கள் சரியாக இருந்தும் அவை மாற்றப்படும் நேரம் நுண்ணிய அளவில் தவறுவதே ஜிட்டர். இதைக் கண்டறிய ஜூலியன் டன் 'ஜே-டெஸ்ட்' என்ற சோதனைச் சைகையை வடிவமைத்தார். ஜிட்டர் உள்ள கருவியில் முதன்மைச் சுரத்தின் இருபுறமும் சிறு கூர்முனைகள் தோன்றும்.

ஹோம் தியேட்டர் செயலிகள்

1996இல் ஜப்பானில் டிவிடி வெளியானதன் பின் பல தட ஒலி வீடுகளில் பரவியது. காட்சிச் சுற்றுகள், ஒலிச் செயலிகள், பல மாற்றிகள் ஆகியவை ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டன. எச்டிஎம்ஐ இணைப்பில் ஒலிக்கான கடிகாரம் காட்சிக் கடிகாரத்திலிருந்தே மீட்டெடுக்கப்படுகிறது. இக்காரணங்களால், தனி டிஏசி 120 டெசிபெல் அளவை எட்டும் இக்காலத்திலும், பல மடங்கு விலையுள்ள சில செயலிகள் குறுந்தகட்டின் 98 டெசிபெல்லைக்கூட எட்டுவதில்லை. மாற்றிச் சில்லின் தரவுத்தாளில் உள்ள எண்ணும் பெட்டியின் பின்புறத்தில் அளக்கப்படும் எண்ணும் ஒன்றல்ல.

இன்று பரவலாகப் பயன்படும் அளவு 'சினாட்'. முதலில் வானொலி ஏற்பிகளுக்குப் பயன்பட்ட இது, திரிபையும் இரைச்சலையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. தரவரிசைப்படுத்த எளியது எனினும், கலப்படம் செவிக்கு எளிதில் படும் வகையா, படாத வகையா என்பதை அது பிரித்துக் காட்டுவதில்லை.

எண்ணும் செவியும்

அளவீட்டை ஏற்காத மரபும் உண்டு. 1962இல் ஜே. கார்டன் ஹோல்ட் தொடங்கிய 'ஸ்டீரியோஃபைல்' இதழ், கேட்டு மதிப்பிடுவதை முன்னிறுத்தியது. இதற்கு எதிர்முனையில், எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதை அறியாமல் கேட்கும் 'ஏபிஎக்ஸ்' சோதனையை 1982இல் டேவிட் கிளார்க் விவரித்தார். விலையும் பெயரும் தெரிந்தால் செவியின் தீர்ப்பு மாறக்கூடும் என்பதே இச்சோதனையின் அடிப்படை.

அமைதியான வரவேற்பறையின் பின்னணி இரைச்சல் ஏறத்தாழ 30 டெசிபெல். திரைப்பட ஒலியின் உச்சம் 105 டெசிபெல் எனக் கொண்டால், இடைவெளி 75 டெசிபெல் மட்டுமே. உரத்த தாழ்சுரங்களில் ஒலிபெருக்கியின் திரிபு 1 சதவீதத்தை, அதாவது 40 டெசிபெல் அளவை, எட்டுவதும் இயல்பு. எனவே 110க்கும் 120க்கும் உள்ள வேறுபாடு வீட்டில் கேட்கப்படுவது அரிது. அது பொறியியல் கவனத்தின் சான்று ஆகும். ஆனால் 70 டெசிபெல்லுக்கும் கீழே அளக்கப்படும் செயலி, எத்தனை விலை உயர்ந்ததாயினும், வாங்குபவர் கேள்வி எழுப்ப வேண்டிய ஒன்றாகும்.